சீட்டுக் கம்பியில் கட்டிய கறுப்பு நூல்

மினிபஸ் நேரத்தை மாற்றிவிட்டார்கள். விடியக்காலம் வந்துகொண்டிருந்த வண்டி இனிமேல் எட்டரைக்குத்தான் வரும் என்றார்கள். எட்டரைக்கு நான் ஏறினால் பள்ளத்தூரில் நான் சமைக்கிற வீட்டு ஆச்சிக்குக் காலைப் பலகாரம் யார் செய்வது? யாரிடமும் போய்க் கேட்கவில்லை. சைக்கிளை எடுத்தேன்.

சைக்கிள் என்னுடையது இல்லை. என்னோடு இருந்து படித்த பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. அவள் நர்ஸ் படிப்புக்கு மதுரை போனபிறகு கொட்டகையில் சாத்திக் கிடந்தது. ராத்திரி கோழி அதன் சீட்டில்தான் அடையும். பார்த்தால் சுகமாக உட்கார்ந்திருக்கிற மாதிரித்தான் தெரியும். நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது கோழிக்கு ஏற்ற சீட்டு.

ஓட்டத் தெரியாதவள் இல்லை. கல்யாணமாகி, குவாரியில் ஜல்லி உடைத்த காலத்தில் பழகினேன். அப்போது சாயங்காலங்களில் ஊரூராக வந்து பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டும் எனக்கு ஒன்றாக வந்தது. இதை எழுதுவது அந்த எழுத்துதான். சைக்கிள் பிறகு விட்டுப்போனது. வீட்டுக்காரர் மொபெட் வாங்கினார், பின்னால் உட்கார்ந்தேன். அவர் போய்விட்டார். மொபெட்டும் போய்விட்டது.

பழகினது மறக்காது என்பார்கள். மறக்கவில்லைதான். உடம்பு வேறாகிவிட்டது.

முதல் நாள் ஆச்சி வீட்டுக் கொல்லையில் இறங்கி நின்றபோது உட்காருகிற இடம் அடி வாங்கினதுபோல இருந்தது. உள்ளங்கை மரத்துப்போய் தோசைத் திருப்பி பிடிக்க வரவில்லை.

ஆச்சி தட்டைப் பார்த்தார். "என்னத்தா, தோசைய ஊத்துனியா, கிழிச்சியா?"

"ஊத்துனேன் ஆச்சி. அதுவாக் கிழிஞ்சிருச்சு."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு பின்வாசல் பக்கம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் பார்க்கிற ஆளிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் உஷார்தான்.

இந்த வேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆச்சி எழுபதைத் தாண்டியவர். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீட்டில், வீட்டுக்காரர் செட்டியார் போனபிறகு தனியாக இருக்கிறார். முகப்பில் ஒரு வாட்ச்மேன், அடுப்படியில் நான். அவ்வளவுதான். மகன் சென்னையில் இருக்கிறார். போன தடவை வந்தபோது ஒரு பூட்டு வாங்கி வந்தார். தேங்காய்ப் பருமன் இருக்கும். அதை முகப்புக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டு எங்கள் மூன்று பேரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"அம்மா ஒரு தடவ விழுந்தாகண்டு கேள்விப்பட்டாப் போதும். அன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போயிருவேன். இந்தப் பூட்டப் போட்டுருவேன்."

ஆச்சி பூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். அது கதவில் ஏறினால் எனக்கு வேலை இல்லை. இந்த வயதில் புதிதாக ஒரு அடுப்படியை எனக்கு யார் தருவார்கள்? தேவகோட்டையில் மகள் வீட்டில் போய் மூலையில் உட்கார வேண்டும். மகள் கூப்பிடத்தான் செய்கிறாள். மருமகன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கூப்பிடுகிறாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் மகன் எனக்குப் போன் செய்வார். அம்மா சாப்பிடுகிறார்களா, நடையில் தடுமாற்றம் உண்டா, மாத்திரை போடுகிறார்களா. ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வேன். அந்த நேரம் பார்த்து ஆச்சி துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வருவார். துளசிக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை.

சைக்கிளுக்குக் காற்றடிக்க பஸ் நிறுத்தத்துப் பக்கத்தில் ஒரு பாய் கடைக்குப் போவேன். இரண்டாம் தடவை போனபோது அவர் பம்பைக் கீழே வைத்துவிட்டு என் சீட்டைப் பார்த்தார்.

"ரொம்பத் தாழ்வாக் கெடக்குக்கா. ஏத்திருவமா? முட்டி மடங்கியே ஓட்டுறீக. வலிக்கும்."

"வலிக்கல."

"இப்ப வலிக்காது."

"எம்புட்டு?"

"இதுக்கெல்லாம் காசு எதுக்குக்கா."

காசு வேண்டாம் என்கிறவர் வேறு என்னவோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம். சீட்டை ஏற்றிவிட்டு பெடல் தேய்ந்துவிட்டது என்பார், செயின் போய்விட்டது என்பார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தாழ்வாக வைத்தது நான்தான். குவாரியில் பழகும்போது ஒரு தடவை சேலை செயினில் மாட்டி ஜல்லிமேல் விழுந்தேன். லாரிக்காரர்கள் முழுப் பேரும் பார்த்தார்கள். சிரித்தவனும் உண்டு. சொல்லிக் கொடுக்க வந்த அக்கா சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, ரெண்டு காலும் முழுசா ஊணுனாப் பயம் இருக்காது என்றார். அன்றிலிருந்து சீட்டு என்றால் கால் ஊன்றுவதற்குத்தான் என்று மனதில் பதிந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான் ஓட்டுவோம். முட்டி வயிற்றில் இடிக்கும். இடிக்கட்டும். விழக் கூடாது.

முட்டி வலித்தது. பாய் சொன்ன பிறகு வலித்ததால் அவர்மேல் இன்னும் சந்தேகம் வந்தது.

மகள் போனில் தட்டி ஒரு சீட்டு உறை வரவழைத்தாள். உள்ளே ஜெல்லி வைத்ததாம். "பஞ்சு மாதிரி இருக்கும்மா" என்றாள். ஏறினால் உயிருள்ள ஒன்றின்மேல் உட்கார்ந்ததுபோல இங்குட்டும் அங்குட்டும் நழுவியது. வெயிலில் நின்றால் கல்லில் உட்கார்ந்த மாதிரி சுட்டது. மெத்தென்று இருக்கிறதெல்லாம் சுகம் இல்லை. கழற்றிவிட்டுப் பழைய துண்டை மடித்துக் கட்டினேன். உட்காருகிற இடத்து வலி மெல்ல மெல்லத் தணிந்தது. கையும் பழகிக்கொண்டது. முட்டி மட்டும் விடவில்லை. வேப்பெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆச்சி புதிதாக ஒன்று சொன்னார்.

"மதியச் சாப்பாடு முடிஞ்சா நீ செத்தப் படுத்துக்கத்தா. அடுப்படி அறையில ஃபேன் இருக்குல்ல. கதவச் சாத்திக்க."

அந்த வீட்டில் நான் ஒரு நாளும் மதியம் படுத்ததில்லை.

"எதுக்கு ஆச்சி?"

"வயசாகலையா உனக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. வயதாகிவிட்டது என்று யார் சொல்வார்கள்? நிறுத்தப் போகிறவர்கள்தான் சொல்வார்கள். முதலில் படு என்பார்கள். அடுத்து இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்பார்கள். படுத்தேன். கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்தேன். ஆனால் விடியக்காலம் எழுந்து சைக்கிள் மிதித்த உடம்பு. ஃபேன் காற்றில் கண் சொருகிவிட்டது.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பிப் பாதி தூரத்தில் நின்று காலை ஊன்றினேன். குதிகால் தரையில் படவில்லை. செருப்பு தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அப்படித்தான். சந்தையில் வேறு செருப்பு வாங்கினேன். புதுச் செருப்பிலும் குதிகால் படவில்லை.

இறங்கிச் சீட்டைப் பார்த்தேன். ஒரு விரல்கடை ஏறியிருந்தது. சீட்டுக்கு அடியில் இருக்கிற நட்டில் துரு போய் ஓரம் மின்னியது. ஸ்பானர் பட்டிருக்கிறது.

வாட்ச்மேன்மேல்தான் முதலில் எண்ணம் போனது. காளையார்கோவில் பக்கத்து ஆள். காலையில் டீ, மதியம் பீடி, சாயங்காலம் மறுபடி டீ. கடைக்கு நடந்துதான் போகிறேன் என்பார்.

"அண்ணே, எஞ்சைக்கிள எடுத்தீகளா?"

"நானா?"

"நீங்கதான்."

"தங்கச்சி, எனக்கு இந்தக் கால் மடங்காது. பஸ்ஸுல ஏறவே ஆள் தூக்கி விடணும். நான் எங்குட்டுச் சைக்கிள் ஓட்ட?"

"மடங்காத காலுக்குத்தான் சீட்ட ஒசத்தணும்."

அவர் என்னைப் பார்த்தார். "நீ போலீசுக்குப் போயிருக்க வேண்டிய ஆளு" என்றார்.

சிரித்து மழுப்புகிறார் என்று வைத்துக்கொண்டேன்.

சீட்டை இறக்கினேன். தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்து, சீட்டுக் கம்பி உள்ளே போகிற வாயோரத்தில் இறுக்கிக் கட்டினேன். இரண்டு முடிச்சு. சீட்டு ஏறினால் நூலும் கூட ஏறும், காட்டிக்கொடுத்துவிடும். பாய் பார்த்துவிட்டு என்னக்கா இது என்று கேட்டார். திருஷ்டிக்கு என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

நூல் நகரவில்லை. இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் குதிகால் மறுபடி படவில்லை. அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. நூலைப் பார்ப்பேன், காலைப் பார்ப்பேன். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

வீட்டுக்குள்ளும் சரியில்லை. நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் தூண் வைத்த நடை உண்டு. அத்தங்குடிக் கல் பதித்தது. துடைக்கிறபோது மூலை திரும்புகிற இடத்தில் கறுப்பாக ஒரு கோடு. தேங்காயெண்ணெய்த் துணியால் தேய்த்தேன், போனது. இரண்டு நாளில் மறுபடி வந்தது. கொல்லைப்பக்க நிலைப்படியில் ஒரு பலகை சாய்ந்து கிடந்தது. எடுத்து விறகோரம் வைத்தேன். மறுபடி நிலைப்படிக்கே வந்துவிட்டது. யாரோ எதையோ உருட்டிக்கொண்டு உள்ளே வந்து போகிறார்கள். பெரிய வீடு. என்னென்னவோ கிடக்கிறது. காணாமல் போனால் முதலில் யாரைக் கேட்பார்கள்? அடுப்படியில் இருக்கிறவளைத்தான் கேட்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் போனில் வேறு மாதிரிப் பேசினார்.

"அக்கா, வீடியோவுல பாத்தேன். அம்மா ரவிக்கைக் கைய ஏத்துனாக, முழங்கை நீலமா இருக்கு. விழுந்தாகளா?"

ஆச்சி கொஞ்ச நாளாக முழுக்கை ரவிக்கை போடுகிறார். வெயில் காலத்தில் எதற்கு என்று நினைத்தேன், கேட்கவில்லை.

"தெரியல தம்பி."

"நீங்கதான கூட இருக்கீக?"

"தெரியல."

"பாத்துச் சொல்லுங்க. அடுத்த வாரம் கேப்பேன்."

திரும்பினேன். துளசித் தொட்டி நிரம்பித் தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆச்சி சொம்போடு நின்றார்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல ஆச்சி."

"ஒண்ணுமில்லாததுக்கு இம்புட்டு நேரமா?"

அன்றைக்கு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ரசத்துக்கு உப்புப் போட்டேனா என்றுகூட அவர் கேட்கவில்லை.

எனக்கு விளங்கியது ஊறுகாயால்தான்.

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் நான் தொடலாம். ஊறுகாய் ஜாடியைத் தொடக் கூடாது. ஆச்சியே எடுப்பார், ஆச்சியே கட்டுவார். வெள்ளைத் துணியை வாயில் போட்டு, நூலை மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சின் வாலைச் சுற்றுக்கு உள்ளே சொருகிவிடுவார். வேறு கை பட்டால் கெட்டுப்போகும் என்பார். கெடுவதற்காக இல்லை. வேறு யாராவது அவிழ்த்தால் அந்த மாதிரித் திரும்பக் கட்ட வராது. அவருக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருசம் பார்த்ததில் அந்த முடிச்சு எனக்கு அத்துப்படி.

திங்கட்கிழமை மதியம் அவர் எலுமிச்சங்காய் ஊறுகாய் எடுத்து வைத்துவிட்டு ஜாடியைக் கட்டினார். பார்த்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் கிளம்பும்போது சீட்டுக் கம்பியைக் குனிந்து பார்த்தேன். கறுப்பு நூல் மூன்று சுற்று. முடிச்சின் வாலைக் காணவில்லை. உள்ளே சொருகியிருந்தது.

ஏறவில்லை. ஊர் எல்லை வரைக்கும் உருட்டிக்கொண்டே போனேன்.

என்னென்னவோ யோசித்தேன். ஆச்சி எதற்கு என் சைக்கிளைத் தொட வேண்டும்? நான் விழ வேண்டும் என்றா? நான் விழுந்தால் வேலைக்கு வர முடியாது. அவராக நிறுத்த வேண்டாம், பாவமும் இல்லை. பெரிய வீட்டு யோசனை அப்படித்தான் போகும் என்று நினைத்தேன். அந்த ராத்திரி முட்டி வலிக்கவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

மறுநாள் மதியம் அறைக் கதவைச் சாத்தினேன். ஃபேனைப் போட்டேன். பாயை விரித்துவிட்டுப் படுக்காமல் கதவோரம் நின்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பலகை முனகியது. அதற்குப் பிறகு டிக்டிக்டிக்கென்று ஒரு சத்தம். மிதிக்காமல் விட்டால் சைக்கிள் சக்கரத்தில் வருகிற சத்தம். அது தூணுக்குத் தூண் எதிரொலித்துச் சுற்றிக்கொண்டு வந்தது.

போய் எட்டிப் பார்த்தேன்.

ஆச்சி ஓட்டிக்கொண்டிருந்தார். கொசுவத்தை இடுப்பில் ஏற்றிச் சொருகியிருந்தார். கண்ணாடி விழாமல் இருக்கக் காதோடு சேர்த்து ஒரு நாடா. முற்றத்து வெயில் ஒரு பக்கம், நடை நிழல் ஒரு பக்கம், அவர் இரண்டுக்கும் நடுவில் சுற்றி வந்தார். சீட்டு நல்ல உயரத்தில் இருந்தது. கால் கீழே போகிறபோது கிட்டத்தட்ட நீண்டுவிடுகிறது, முட்டி எங்கேயும் இடிக்கவில்லை. மிதிக்கிற மாதிரியே தெரியவில்லை. ஊஞ்சலில் போகிற மாதிரிப் போனார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது.

மூலை திரும்பினவர் என்னைப் பார்த்துவிட்டார். பிரேக்கைப் பிடித்தார். அது பிடிக்கவில்லை. ஹேண்டில் தூணில் போய் இடித்தது. ஓடிப்போய்க் கேரியரைப் பிடித்துக்கொண்டேன். அவர் சீட்டிலிருந்து முன்னால் நழுவி இறங்கி, கம்பிக்கு இரண்டு பக்கமும் காலை ஊன்றி நின்றார். விழவில்லை.

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"மகன்ட்டச் சொல்லிட்டியா?" என்றார். முதல் பேச்சே அதுதான்.

"எதை?"

"எதையா? நீதான் ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம ஒப்பிக்கிறியே."

"நான் ஒத்த வார்த்தைதான் ஆச்சி சொல்றேன்."

"அந்த ஒத்த வார்த்தைதான் என்னண்டு தெரியாமக் கெடக்கேன்."

"நீங்க என்னைய நிறுத்தப் போறீகண்டு நெனச்சேன்."

"உன்னையவா? எதுக்கு?"

"படுக்கச் சொன்னீகள்ல."

ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஃபேனப் போட்டுப் படுக்கச் சொன்னா நிறுத்துறதா? நல்ல மனசுத்தா உனக்கு."

"உங்களுக்கும்தான். நூலு கட்டிருக்கீக பாருங்க."

"நீ கட்டலாம், நான் கட்டக் கூடாதாக்கும்?"

நான் சைக்கிளைத் தூணில் சாத்தினேன்.

பிறகு படியில் உட்கார்ந்து அவராகச் சொன்னார். சின்ன வயதில் அவர் அப்பச்சி வீட்டில், பிறந்த வீட்டில், இதே மாதிரி நடையில் அண்ணன் சைக்கிளை ஓட்டுவாராம். வாசலைத் தாண்டி விடமாட்டார்கள். கல்யாணத்தோடு அதுவும் நின்றது. இன்றுவரைக்கும் ரோட்டில் சைக்கிள் ஓட்டியதே இல்லையாம்.

"உன்னயத் தெனமும் பாத்தேன். இடுப்பப் பிடிச்சுக்கிட்டு எறங்குற. முட்டியத் தேச்சுக்கிட்டு அம்மியில நிக்கிற. மறுநாளும் அதுலதான் வார. அப்பிடி என்ன இருக்கு அதுலண்டு ஏறிப் பாத்தேன்." முழங்கையைத் தடவிக்கொண்டார். "ஆனா உன் சீட்டு என்னத்தா, மணைப்பலகையாட்டம் கெடக்கு? ஒரு சுத்துல எனக்கு முட்டி செத்துப்போச்சு. ஸ்பானர் செட்டியார் கார்ப் பெட்டியில கெடந்துச்சு. ஏத்திக்கிட்டேன். எறக்கையில ஒரு விரக்கட முன்னப்பின்ன இருந்திருக்கும். உன் நூலையும் அவுத்து வாயோரத்துலயே திரும்பக் கட்டிருவேன்."

அந்த ஒரு விரல்கடை. செருப்பு தேய்ந்துவிட்டது என்று நினைத்த சாயங்காலங்கள் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அந்த ராத்திரிகளில் நான் எண்ணெய் தேய்க்கவே இல்லை. மறந்துபோனேன் என்று நினைத்திருந்தேன். வலிக்காததால் மறந்திருக்கிறேன்.

"அம்புட்டு ஒசரத்துல காலு ஊண முடியாதே ஆச்சி."

"சீட்டுல இருந்துக்கிட்டு எதுக்கு ஊணுற? இப்பப் பாத்தியே, நழுவி முன்னால எறங்கி ஊணு. சீட்டு உக்காரத்தான? நிக்கவா?"

நான் சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். அவர் பிறகு கேட்டார்.

"சொல்லப் போறியா?"

"முழங்கை எப்பிடி ஆச்சு?"

"இந்தத் தூண்தான். இடிச்சது. விழல."

"சத்தியமா?"

"ஜாடி மேல சத்தியம்."

அந்தச் சத்தியத்தை நம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அதே யோசனைதான். தெரியாது என்று இன்னொரு தடவை சொல்லலாம். ஆனால் இப்போது தெரியும். வாட்ச்மேனுக்கும் தெரியாமல் இருக்காது. முகப்பைத் தாண்டி நான் எட்டிப் பார்க்கிறதில்லை தங்கச்சி என்று அவர் தானாக வந்து சொன்னபோதே எனக்குப் பட்டது. வேறு வாயால் மகன் காதுக்குப் போனால் பூட்டு அன்றைக்கே ஏறும். என் வாயால் போனாலும் ஏறலாம். எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்த ஆணிதான் தெரிந்தது.

போன் வந்தது. ஆச்சி துளசிப் பக்கம் போகவில்லை. எனக்கு எதிரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, கேட்டீகளா? அந்தக் காயம்?"

"தூண்ல இடிச்சுக்கிட்டாக."

"எப்பிடி இடிச்சாக? தல சுத்துனுச்சா?"

"இல்ல. சைக்கிள் ஓட்டையில."

கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரு சைக்கிளு?"

"எஞ்சைக்கிள்."

"எங்க ஓட்டுறாக?"

"வீட்டுக்குள்ள. நடையச் சுத்தி."

பிறகு கேட்டார்.

"பிரேக் பிடிக்குமா அதுல?"

"பிடிக்காது" என்றேன். அதுவும் உண்மைதான்.

"அம்மாட்டக் குடுங்க."

ஆச்சி போனை வாங்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். ம் என்றார். இல்லை என்றார். மறுபடி ம் என்றார். நீ சைக்கிள் பழகுனப்ப உன்னைய யாரு பிடிச்சுக்கிட்டு ஓடுனதாம் என்று ஒரு தடவை கேட்டார். அவ்வளவுதான் என் காதில் விழுந்தது. போனைத் திருப்பித் தந்துவிட்டு ஊறுகாய் ஜாடியைத் துடைக்கப் போய்விட்டார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் கொல்லைக்கு வாட்ச்மேன் வந்தார். காலை இழுத்துக்கொண்டு சைக்கிளைச் சுற்றி வந்து போனில் படம் எடுத்தார். முன்னால், பின்னால், பக்கவாட்டில்.

"என்னண்ணே இது?"

"தம்பி கேட்டாக. பிரேக்கு கட்டயப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாக."

"எதுக்காம்?"

"அத உன்ட்டச் சொல்லாதீகண்டு சொல்லல. ஆனா எதுக்குண்டு எனக்கும் சொல்லல."

இவரை நம்புவதா வேண்டாமா என்று இன்றுவரைக்கும் எனக்கு முடிவு இல்லை.

சாயங்காலம் பாய் கடையில் பிரேக் கட்டை நாலையும் மாற்றினேன். "சீட்டையும் ஏத்துங்க" என்றேன்.

பாய் ஸ்பானரை எடுத்துக்கொண்டே, "திருஷ்டி கழிஞ்சிருச்சாக்கா?" என்றார்.

"பேசாம ஏத்துங்க."

ஒரு விரல்கடை ஏற்றினார். ஏறினபோது பயமாகத்தான் இருந்தது. மூன்று தடவை நழுவி முன்னால் இறங்கிப் பார்த்தேன். சேலை எங்கேயும் மாட்டவில்லை. ஊருக்குப் போகிற வழியில் ஏற்றத்தில்கூட இறங்கவில்லை. ஒரு வாரம் கழித்து இன்னும் ஒரு விரல்கடை ஏற்றினேன். அதற்கு மேல் வேண்டாம் என்று முட்டியே சொல்லிவிட்டது. ஆச்சிக்கு இன்னும் உயரம் வேண்டும், ஆள் என்னைவிட நெட்டை. கம்பியில் எனக்குக் கறுப்பு நூல், அவருக்குச் சிவப்பு நூல். மதியம் நான் இப்போது படுக்கிறதில்லை. அவர் ஓட்டுகிறபோது நடையோரம் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன்.

மகன் சொல்லாமல் வந்தார். வாசலில் கார் சத்தம் கேட்டபோது ஆச்சி சைக்கிள்மேல் இருந்தார். இறங்கவில்லை. நான்தான் எழுந்து நின்றேன்.

அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்தார். சைக்கிளை நிறுத்தச் சொல்லி இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்தார். சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். இரண்டு நூலையும் தொட்டுப் பார்த்தார்.

"ஓட்டுங்கம்மா" என்றார்.

ஆச்சி ஓட்டினார். மகன் கேரியருக்குப் பின்னாலேயே, தொடாமல், கையை நீட்டியபடி வெறுங்காலோடு நாலு பக்கமும் நடந்தார். மூலை திரும்பும்போதெல்லாம் அவர் கை கொஞ்சம் முன்னால் போகும். ஆச்சி திரும்பிப் பார்க்காமல், "கையை எடுடா, நெழலு விழுது" என்றார்.

சுற்று முடிந்ததும் அவர் முகப்புக்குப் போனார். நான் தள்ளி நின்று பார்த்தேன். ஆணியிலிருந்து பூட்டை எடுத்தார். ஒட்டடையை ஊதினார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் போட்டுத் திறந்து பார்த்தார். மறுபடி பூட்டினார். அதே ஆணியில் மாட்டினார். சாவி பைக்குள் போய்விட்டது.

"காப்பி போடுங்கக்கா" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் கார் கிளம்பிப் போனது. ஆச்சி வீட்டில்தான் இருந்தார்.

காலையில் முகப்பைக் கூட்டுகிறபோது என் பையை அந்த ஆணியில், பூட்டுக்கு மேல் மாட்டிவிடுகிறேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாயங்காலம் பையை எடுக்கிறபோது பைக்குப் பின்னால் கையை விட்டுப் பூட்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். அது ஆணியில் இருந்தால் கதவில் இல்லை. அதற்குப் பிறகுதான் போய்ச் சைக்கிளை எடுக்கிறேன்.